கயிற்றில் ஒட்டி வந்த மணல்: சங்கிலி வினாடி வினா கட்டுவது எப்படி

சங்கிலிச் சுற்று என்று அறிவித்துவிட்டுப் பத்துக் கேள்வி கேட்பார்கள். முதல் கேள்வியின் விடை பாரிஸ் என்றால் இரண்டாவது கேள்வி "பாரிஸில் பிறந்த…" என்று தொடங்கும். அதன் விடை ஓர் எழுத்தாளர் என்றால் மூன்றாவது கேள்வி "அதே ஆண்டில் பிறந்த…" என்று போகும். பத்து முடிந்ததும் கைதட்டல். மறுநாள் கேட்டால் ஒரு கண்ணிகூட யாருக்கும் நினைவிருக்காது. கேள்விகள் மோசமாக இருந்திருக்க வேண்டியதில்லை. அவற்றைப் பிணைத்த கம்பி மெல்லியது, அவ்வளவுதான்.

அந்தாதி படித்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வரும். கடைசிப் பாட்டின் ஈறு முதல் பாட்டின் தொடக்கத்தில் போய்ச் சேர்வதை மண்டலித்தல் என்பார்கள். அங்கே ஒரு சொல்லோ அசையோ ஒத்துவந்தால் போதும். வினாடி வினாவில் அந்த இடத்தில் ஒரு தகவல் நிற்க வேண்டும். அந்தத் தகவலைத் தெரிந்துகொள்வதால் இரண்டு பக்கத்துப் பொருள்களுமே கொஞ்சம் வேறு மாதிரி தெரிய வேண்டும்.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. ஒரு முழுச் சங்கிலியை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். பத்து விடைகள், மண்டலித்து முடிவது.

தொடக்கத்தில் திரையில் ஒரு படம்: பெட்ரோமாக்ஸ் விளக்கு. தமிழ்ச் சபையில் உடனே ஒரு சிரிப்பு எழும். மேண்டிலைக் கையால் தொட்டால் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் நகைச்சுவைக் காட்சி வழியாகத் தெரியும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதல் கேள்வியைப் போட்டுவிடலாம். இந்த விளக்கில் ஒளிவிடுவது எரிகிற எண்ணெய் அல்ல, சூடேறிய ஒரு சாம்பல் வலை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1891இல் செம்மைப்படுத்திய கலவையில் அது 99 பங்கு ஒரு தனிமத்தின் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. எந்தத் தனிமம்? தோரியம்.

இரண்டு: அந்தத் தனிமத்துக்கு 1829இல் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ் எந்த ஸ்காண்டினேவியக் கடவுளின் பெயரை வைத்தார்? தோர். (அதே பெயரை 1815இல் இன்னொரு கனிமத்துக்கு அவசரப்பட்டு வைத்து, அது புதுத் தனிமமே அல்ல என்று தெரிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டவர் அவர். கேள்வியில் சேர்த்தால் நீளும். விடை சொல்லும்போது சொல்லலாம்.)

மூன்று: தோரின் பெயரைத் தாங்கிய ஆங்கிலக் கிழமை, தமிழில் எந்தக் கோளின் பெயரைத் தாங்குகிறது? வியாழன். ரோமானியர்களின் ஜூபிடர் கிழமைக்கு ஈடாக வடவர் தங்கள் இடிக் கடவுளை வைத்துக்கொண்டதால் வந்த பொருத்தம் இது. ஆங்கிலத்தில் விளையாடும் அறையில் இது யோசிக்க வைக்கும் கேள்வி. இங்கே இலவச மதிப்பெண். அப்படி ஒன்றை மூன்றாவது இடத்தில் வைப்பது நல்லது. அதுவரை வாய் திறக்காத அணிக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

நான்கு: 1610 ஜனவரியில் கலீலியோ அந்தக் கோளைச் சுற்றக் கண்ட நான்கு துணைக்கோள்களில் உள்ளே இருப்பது, 42½ மணி நேரத்தில் ஒரு சுற்று முடிப்பது எது? அயோ.

ஐந்து: அயோ கோளின் நிழலுக்குள் போய் மறையும் நேரம், பூமி விலகிச் செல்லும் மாதங்களில் பிந்துகிறது, நெருங்கும் மாதங்களில் முந்துகிறது. இதை வைத்து 1676இல் ஒளி உடனே வந்து சேர்வதில்லை, அதற்கும் பயண நேரம் உண்டு என்று காட்டிய டென்மார்க்காரர் யார்? ஓலே ரோமர்.

ஆறு: 1708இல் கோபன்ஹேகனில் ரோமரைச் சந்தித்து, அவர் வெப்பமானிகளுக்கு அளவு குறிக்கும் முறையைப் பார்த்து, அதை மாற்றித் தன் பெயரிலேயே நிலைக்கவைத்த கருவி வினைஞர்? ஃபாரன்ஹீட்.

ஏழு: ஃபாரன்ஹீட் 1714இல் கொண்டுவந்த பாதரச வெப்பமானி, 1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலையில் எந்தத் தமிழக மலையூரில் தயாரானது? 2001இல் அந்த ஆலை மூடப்பட்டது. கொடைக்கானல்.

எட்டு: அதே ஊரில் 1901 முதல் எந்த விண்பொருளைக் கண்காணித்து வருகிறார்களோ, அதன் கிரேக்கப் பெயரைத் தாங்கிய தனிமம் எது? ஹீலியம்.

ஒன்பது: 1908 ஜூலை 10 அன்று லெய்டனில் டச்சு இயற்பியலாளர் காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கினார். அதற்கான வாயுவை அவர் பெற்றது வட கரோலினாவிலிருந்து வரவழைத்த மணலில் இருந்த ஒரு கனிமத்திலிருந்து. என்ன கனிமம்? மோனசைட்.

பத்து: 1909இல் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதே மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற வேதியியலாளர் கண்டார். சீக்கிரமே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. ஐரோப்பா அந்த மணலை எந்த வீட்டுப் பொருளுக்காகத் தேடிக்கொண்டிருந்தது? காஸ் மேண்டில். படம் மறுபடி திரையில். மண்டலித்துவிட்டது.

இதில் எல்லாக் கண்ணியும் ஒரே உறுதி உள்ளவை அல்ல. உறுதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஒரு தரவரிசை கிடைக்கும். மேலே இருப்பது பொருளும் காரணமும்: இது அதனால் ஆனது, இது இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. மோனசைட்டிலிருந்து மேண்டிலுக்குப் போகும் கண்ணி அந்த வகை. மோனசைட்டுக்குள் ஹீலியம் இருப்பதும் அப்படியே. தோரியம் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள் என்பது ஹீலியத்தின் அணுக்கரு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அது படிகத்துக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது, சூடாக்கினால் வெளியே வருகிறது. பத்தில் ஆகச் சிறந்த கண்ணி இதுவே. அடுத்த படி, மனிதரை மனிதர் சந்தித்தது அல்லது ஒருவர் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொண்டது: ரோமர், ஃபாரன்ஹீட். அதற்கும் கீழே பெயர் வைத்தது: தோரியம், தோர். அதற்கும் கீழே ஒரே ஊர். அடிமட்டத்தில் ஒரே ஆண்டு.

ஒரே ஆண்டு என்பது கண்ணியே அல்ல. நம் சங்கிலியிலேயே அதற்கு ஒரு பொறி இருக்கிறது. கயிற்று மணலில் மோனசைட் கண்டுபிடிக்கப்பட்டது 1909. கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை (இன்று எவர்ஷெட் விளைவு என்று அழைக்கப்படுவது) கண்ட ஆண்டும் 1909. இரண்டும் இன்றைய தமிழ்நாட்டோடு தொடர்புடையவை. கை துறுதுறுக்கும். செருகினால் கேட்பவர் "சரி, அதனால்?" என்பார். அதற்குப் பதில் கிடையாது.

ஊர்க் கண்ணியை ஒரு சங்கிலிக்கு ஒன்று என்று அனுமதிக்கலாம். இங்கே அது கொடைக்கானல். வெப்பமானி ஆலையும் சூரிய ஆய்வகமும் ஒரே மலையில் இருப்பது தற்செயல். கறாராகப் பார்த்தால் இதுதான் இந்தச் சங்கிலியின் நொய்ந்த இடம். மாற்று வழி இருக்கிறது: ரோமரிலிருந்து ஒளி, ஒளியிலிருந்து நிறமாலைக் கோடுகள், அங்கிருந்து ஹீலியம். இறுக்கம் கூடும், ஆனால் நான்காவது கேள்வியிலிருந்து எட்டாவது வரை ஒரே இயற்பியல் பாடமாகிவிடும். அறையில் பாதிப் பேர் கைபேசியை எடுத்துவிடுவார்கள். கொடைக்கானல் வந்ததும் அவர்கள் தலை நிமிர்வது முக்கியம். அதனால் அது இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: அந்த ஆலையின் பாதரச மாசும் தொழிலாளர் உடல்நலப் பிரச்சினையும் பலருக்கு இன்றும் ஆறாத விஷயம். கேள்வியில் குறும்பு வேண்டாம். ஆண்டையும் இடத்தையும் சொல்லி நகர்ந்துவிட வேண்டும்.

கட்டும் வரிசை

முதல் கேள்வியிலிருந்து கட்ட ஆரம்பித்தால் சங்கிலி எங்காவது போய் நின்றுவிடும், மண்டலிக்காது. கடைசிக் கண்ணியை முதலில் பிடிக்க வேண்டும். இங்கே முதலில் கையில் இருக்க வேண்டிய ஜோடி மோனசைட்டும் மேண்டிலும். அதன் இரு முனையிலிருந்தும் வெளியே நடக்க வேண்டும். ஒரு பக்கம் மேண்டில், தோரியம், தோர் என்று. மறு பக்கம் மோனசைட், ஹீலியம், சூரியன் என்று. இரண்டு கைகளும் நடுவில் சந்திக்க ஒரு பாலம் தேவைப்படும். எப்போதும் நொய்ந்த கண்ணி விழுவது அந்தப் பாலத்தில்தான். ஏழாவது இடத்தில் கொடைக்கானல் வந்து உட்கார்ந்ததற்கும் இதுதான் காரணம்.

ஒரு பெரிய தாளில் எழுதி வட்டம் போட்டு வேலை செய்வது கணினியில் செய்வதைவிட வசதி. ஒவ்வொரு விடையிலிருந்தும் தெரிந்த தொடர்புகளையெல்லாம் கோடாக இழுங்கள். ஏழெட்டுக் கோடு கிளம்பும் பெயர் ஆபத்தானது. பிரிட்டன், இந்தியா, காந்தி, தண்ணீர், இரண்டாம் உலகப் போர் இவையெல்லாம் சந்திப்பு நிலையங்கள். எல்லா ரயிலும் அங்கே நிற்கும் என்பதால், அங்கே வந்து சேர்ந்ததற்குப் பெருமை எதுவும் இல்லை. அந்தப் பெயர்களை விடையாக வைக்காதீர்கள். ஹீலியத்துக்கு முன்னால் சூரியனைத் தனி விடையாக வைக்காமல் எட்டாவது கேள்விக்குள்ளேயே மறைத்ததும் அதனால்தான்.

அதே தாளில் இன்னொன்றும் தெரியும்: குறுக்குக் கோடுகள். தோரியத்துக்கும் மோனசைட்டுக்கும் நேர்த் தொடர்பு உண்டு, தோரியத்துக்கும் ஹீலியத்துக்கும் உண்டு. வரிசையாகக் கேள்வி கேட்கும் ஆட்டத்தில் இதனால் தொந்தரவு இல்லை. ஆனால் பத்து விடைகளையும் கலைத்துப் போட்டு "வட்டமாக அடுக்குங்கள்" என்று கொடுக்கும் வகையில் கவனம் தேவை. ஓர் அணி தோரியத்துக்குப் பக்கத்தில் மோனசைட்டை வைத்தால் என்ன ஆகும்? தோரியத்துக்கு இரண்டு பக்கம்தான். ஒன்றைத் தோர் பிடித்துக்கொண்டது. மற்றதை மோனசைட் எடுத்துக்கொண்டால் பெட்ரோமாக்ஸ் அநாதையாக வெளியே நிற்கும். ஆகவே "பத்தையும் ஒருமுறை பயன்படுத்த வேண்டும்" என்ற ஒரே விதி இந்த வட்டத்தைத் தனித்ததாக ஆக்கிவிடுகிறது. எல்லாச் சங்கிலிக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. கலைத்துக் கொடுக்கும் முன் குறுக்குக் கோடு ஒவ்வொன்றையும் இப்படி ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மேடையில் இரண்டு அணிகள் இரண்டு சரியான விடைகளோடு நிற்கும், நடுவர் வியர்ப்பார்.

அடுத்தடுத்த இரண்டு கண்ணிகள் ஒரே ரகமாக வரக் கூடாது. பெயர், பெயர், பெயர் என்று மூன்று வந்தால் நான்காவதை ஊகித்துவிடுவார்கள். மேலே இருக்கும் சங்கிலியின் வரிசை: பொருள், பெயர், பெயர், வானியல், கண்டுபிடிப்பு, சந்திப்பு, ஊர், பெயர், பொருள், பொருள். தோரும் வியாழனும் அடுத்தடுத்துப் பெயராக விழுந்தது குறைதான். இரண்டையும் ஒரே கேள்வியாகச் சுருக்கி ஒன்பது விடையாக்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சிலர் சொல்லலாம். இலவச மதிப்பெண் போய்விடும் என்பதால் நான் சுருக்க மாட்டேன்.

ஒரு கேள்வியைச் செதுக்குவது

பத்தாவது கேள்வியின் முதல் வரைவு இப்படித்தான் வரும்: "மணவாளக்குறிச்சியில் கிடைக்கும் கனிம மணல் எதற்குப் பயன்படுகிறது?" தகவல் சரி, கேள்வி பிழை. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் என்று அந்த மணலில் பல கனிமங்கள் இருக்கின்றன. பெயிண்டுக்கு, வெல்டிங் கம்பிக்கு, உப்புத்தாளுக்கு என்று எந்த விடை சொன்னாலும் மறுக்க முடியாது.

இரண்டாவது வரைவு: "மோனசைட்டிலிருந்து எடுக்கும் தோரியம் எதற்குப் பயன்பட்டது?" இதில் முதல் கேள்வியின் விடை அப்படியே கேள்விக்குள் வந்துவிட்டது. சங்கிலி மூடப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும், யோசிக்க எதுவும் மிஞ்சாது. தோரியம் என்ற சொல் வாயில் வரக் கூடாது.

மேலே பத்தாவதாக வந்திருப்பது மூன்றாவது வரைவு. அதில் மூன்று கொக்கிகள் இருக்கின்றன: ஆண்டு 1909, கயிறு, வீட்டுப் பொருள். ஆண்டு அணுசக்தி என்ற விடையை வெட்டிவிடுகிறது, ஏனென்றால் அப்போது அதற்கு வழியே இல்லை. கயிறு காதில் நிற்கிறது. "வீட்டுப் பொருள்" என்பது தொழிற்சாலைப் பயன்களை வெட்டுகிறது. ஒவ்வொரு கொக்கியும் ஒரு தவறான விடையைத் தள்ளிவிடுவதற்காக இருக்க வேண்டும். அழகுக்காக இருக்கும் கொக்கியை எடுத்துவிடலாம். திரையில் ஒரு கேள்விக்கு நாற்பது சொல்லுக்கு மேல் போனால் கடைசி வரிசையில் இருப்பவர் படித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

சோதிக்க ஒரு வழி: ஆட்டத்தில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் முந்தைய விடையையும் இந்தக் கேள்வியையும் மட்டும் கொடுங்கள். அவர் வேறு ஏதாவது சொல்லி, நீங்கள் "அதுவும் சரிதான், ஆனால்…" என்று ஆரம்பித்தால் கேள்வியைத் திரும்ப எழுத வேண்டும்.

தகவல் பிழை எங்கே பதுங்கும்

சங்கிலிக் கேள்விகளில் பொய்த் தகவல் நுழைவதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. கண்ணி விழவேண்டும் என்ற ஆசையில், பொருந்திவரும் கதையைச் சந்தேகிக்க மனம் வராது. இந்தப் பத்திலேயே மூன்று இடம்.

ஹீலியம்: 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியாவின் மேல் கடந்தது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரில் இருந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். "குண்டூரில் ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்டது" என்று பத்திரிகைகளில் அடிக்கடி வரும். உண்மையில் சூரிய ஒளியின் நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தினுடையது அல்ல என்று நிலைநாட்டி, புதுத் தனிமம் என்ற முடிவுக்குப் போனதில் இங்கிலாந்தில் அந்த ஆண்டின் பிற்பகுதியில் கிரகணமே இல்லாமல் கவனித்த நார்மன் லாக்யருக்குத்தான் பெரும் பங்கு. பூமியில் அதைப் பிடித்தது ராம்சே, 1895இல். அதனால் நம் கேள்வி "யார், எங்கே கண்டுபிடித்தார்" என்ற பக்கமே போகாமல் பெயரோடு நின்றுகொண்டது. சர்ச்சை உள்ள தகவலில் சர்ச்சை இல்லாத மூலையைப் பிடித்துக் கேட்பது ஒரு கலை.

ரோமர்: "ஒளியின் வேகத்தை முதலில் அளந்தவர்" என்று கேட்டால் எதிரணியில் ஓர் இயற்பியல் ஆசிரியர் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ரோமர் வினாடிக்கு இத்தனை மைல் என்று எண் எதுவும் கொடுக்கவில்லை. பூமியின் சுற்றுப்பாதை விட்டத்தைக் கடக்க ஒளிக்குச் சுமார் 22 நிமிடம் ஆகும் என்றார். இன்றைய கணக்கில் அது 16½ நிமிடத்துக்குச் சற்று மேல். அதை வேகமாக மாற்றிக் கணக்கிட்டவர் ஹைகன்ஸ். "பயண நேரம் உண்டு என்று காட்டியவர்" என்றால் யாரும் கை தூக்க முடியாது.

மூன்றாவது நம் ஊர்ப் பாசம். காமர்லிங் ஓனஸ் பயன்படுத்திய மோனசைட் மணல் திருவிதாங்கூரிலிருந்து போனது என்று மாற்றிவிட்டால் ஒன்பதும் பத்தும் கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும். சபையும் மகிழும். ஆனால் அந்த மணல் வட கரோலினாவினுடையது. நம் கடற்கரை மணல் ஜெர்மானியர் கண்ணில் பட்டதே அடுத்த ஆண்டுதான். உண்மையை அப்படியே வைத்தாலும் கண்ணி அறுந்துபோவதில்லை. கனிமம் ஒன்றே.

பொதுவாக, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரம் வேண்டும். பத்து இணையப் பக்கங்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது ஓர் ஆதாரம்தான்.

மேடையில்

கேள்வியைப் படிக்க 20 வினாடி, யோசிக்க 30, அடுத்தடுத்த அணிக்குப் போக 40, விடையும் கண்ணியும் விளக்க 30. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம், பத்துக்கு இருபது. விடை சொல்லும் ஸ்லைடில் முந்தைய விடையையும் இப்போதைய விடையையும் அம்புக்குறியோடு சேர்த்துப் போட வேண்டும். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கண்ணியைத் தவறவிட்ட அணி அடுத்ததிலும் திணறக் கூடாது என்றால் ஒவ்வொரு விடையையும் உடனே வெளியிட்டே ஆக வேண்டும்.

எழுத்துத் தேர்வாக வைத்தால் வேறு சுவை. பத்துக் கேள்வியும் ஒரே தாளில், விடைகள் வெளியிடப்படுவதில்லை. "முந்தைய விடையில்…" என்று கேள்விகள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும். ஐந்தாவது தெரியாதவர் ஆறாவதில் ஃபாரன்ஹீட்டைப் பிடித்துவிட்டால் அங்கிருந்து பின்னோக்கி நடந்து ரோமரை எட்டலாம். இப்படிப் பின்னோக்கித் தீர்க்க இடம் கொடுக்கும் கேள்விகளை வேண்டுமென்றே மூன்றுக்கு ஒன்றாவது வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவதில் விழுந்தவர் எட்டுக் கேள்விக்கும் வெறும் தாள் கொடுக்க வேண்டியிருக்கும்.

மதிப்பெண்ணில் ஒரு பரிந்துரை: கேள்விக்கு 10. அதோடு, சங்கிலி எந்தப் பொருளில் போய் மூடும் என்று எழுதிக் கொடுக்க ஒவ்வோர் அணிக்கும் ஒரே வாய்ப்பு. ஐந்தாவது கேள்விக்கு முன் சரியாகச் சொன்னால் 30, எட்டாவதுக்கு முன் என்றால் 15, தவறினால் 10 கழிவு. இது வேலை செய்ய வேண்டுமானால் தொடக்கப் படத்தைப் பெட்ரோமாக்ஸ் என்று தெரியும்படி காட்டக் கூடாது. மேண்டிலை மட்டும் நெருக்கமாக எடுத்த படம், பெயர் இல்லாமல். சங்கிலி மண்டலிக்கும் என்று முன்கூட்டி வாக்குறுதி கொடுக்கவும் வேண்டாம்.

கணினியில் படத்தைச் செருகும்போது கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். "மோனசைட்-1" என்ற பெயரோடு இருக்கும் படம் திரையில் ஒரு நொடி தலைகாட்டினால் போதும், முன்வரிசை பார்த்துவிடும். ப்ரொஜெக்டரை இணைத்தபின் அடுத்த ஸ்லைடின் முன்னோட்டம் உங்கள் திரையில் தெரிகிறதா, சபையின் திரையில் தெரிகிறதா என்று ஆள் வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்வதும் அவசியம்.

கேள்வியே இல்லாமல்

நான்கு பேர் உட்கார்ந்து விளையாடும் வீட்டு வடிவத்துக்குத் தயாரிப்பு ஒன்றும் வேண்டாம். ஒருவர் தொடக்கமும் முடிவும் சொல்கிறார், மற்றவர்கள் இடையை நிரப்ப வேண்டும். ஹங்கேரிய எழுத்தாளர் ஃப்ரிஜெஷ் கரிந்தி 1929இல் எழுதிய ஒரு கதையில் பாத்திரங்கள் மனிதர்களை வைத்து இதைத்தான் விளையாடுகிறார்கள். 1967இல் அமெரிக்க உளவியலாளர் மில்கிராம் இதையே கடிதங்களை வைத்து ஆய்வாக்கினார். ட்ராவர்ஸோடு சேர்ந்து அவர் பிறகு வெளியிட்ட கணக்கில் 296 தொடக்கங்களில் 64 இலக்கை எட்டின, இடையே சராசரியாக ஐந்துக்குச் சற்று மேல் ஆட்கள். ஆட்டத்துக்கும் அதுதான் சரியான நீளம். ஐந்து, ஆறு தாண்டினால் கேட்பவர்கள் ஆரம்பத்தை மறந்துவிடுவார்கள்.

முந்திரியில் தொடங்கித் தங்கத்தில் முடி என்று வைத்துக்கொள்வோம். பிரேசிலிலிருந்து முந்திரியை இங்கே கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர். போர்த்துகலில் பிறந்தவர் மெகல்லன். அவர் பெயரில் தென்வானத்தில் இரண்டு மேகங்கள், உண்மையில் சின்ன விண்மீன் மண்டலங்கள். அவற்றில் பெரியதில் 1987இல் ஒரு விண்மீன் வெடித்தது. அதிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் ஜப்பானில் நிலத்தடிக் கருவியில் பதிவாயின. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை முதன்முதலாக 1965இல் பதிவுசெய்த இடங்களில் ஒன்று கோலார் சுரங்கம், தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம். அங்கே தோண்டியது தங்கம்.

கேட்க நன்றாக இருக்கிறது. எதிராளி உஷாராக இருந்தால் இரண்டு இடத்தில் கை வைப்பார். போர்த்துகீசியர் என்பது சந்திப்பு நிலையம். மிளகாயில் தொடங்கினாலும் அன்னாசியில் தொடங்கினாலும் அதே வழியில் மெகல்லனுக்கு வந்துவிடலாம். 1987க்கும் 1965க்கும் நடுவில் நியூட்ரினோவும் பொதுச் சொல்தான், ஆனால் இரண்டுமே ஆழமான நிலத்தடியில் காத்திருந்து பிடித்தவை என்பதால் அதை விட்டுக்கொடுக்கலாம்.

விதிகள் குறைவாக இருந்தால்தான் ஆட்டம் ஓடும். ஒரு கண்ணிக்கு 45 வினாடி. சந்திப்பு நிலையம் ஆட்டத்துக்கு ஒன்று மட்டும். "நிரூபி" என்று கேட்க ஒவ்வொருவருக்கும் மூன்று உரிமை. கேட்டவுடன் கைபேசியில் தேடலாம், தகவல் தவறென்றால் சொன்னவருக்கு 2 கழியும், சரியென்றால் கேட்டவருக்கு 1 கழியும். இந்த ஏற்றத்தாழ்வு வேண்டுமென்றே வைத்தது. சந்தேகப்படுவதற்கு விலை குறைவாக இருந்தால்தான் யாராவது கேட்பார்கள். "அதே ஆண்டில்" என்று தொடங்கும் எந்தக் கண்ணியையும் நிரூபிக்கச் சொல்லாமலேயே தள்ளிவிடலாம்.